கிழக்கே தலை வைத்தவள்

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் வேதக்கண் உபதேசியார். இரண்டாவது அநியாயம் செய்தது எங்கள் நித்தியபுரம் சபை. மூன்றாவது ஆளின் பெயரைக் கடைசியில்தான் சொல்வேன். அதைச் சொல்ல இந்த வாய்க்கு இன்னும் பழக்கம் வரவில்லை.

நித்தியபுரம் என்று ஒரு வெள்ளைக்கார மிஷனரி பெயர் வைத்துவிட்டுச் செத்துப்போன எங்கள் ஊரில் நித்தியமாக இருந்தது உப்பு ஒன்றுதான். சோற்றில் இருந்தது, சுவரில் இருந்தது, பெண்களின் சேலைக்கரையில் இருந்தது, எங்கள் உள்ளங்கால் வெடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு நீ செத்தால்தான் வெளியே வருவேன் என்றது. ஊருக்குக் கிழக்கே கல்லறைத் தோட்டம், தோட்டத்துக்குக் கிழக்கே உப்பளம், உப்பளத்துக்குக் கிழக்கே கடல். எங்களில் யார் செத்தாலும் தலையை மேற்கே வைத்துக் காலைக் கிழக்கே நீட்டிப் புதைப்பது வழக்கம்; ஆண்டவர் கிழக்கே இருந்து வருவார், எக்காளம் ஊதும், படுத்திருக்கிறவன் எழுந்து உட்கார்ந்தால் போதும், முகம் நேராக அவர் முகத்தைப் பார்க்கும். உயிரோடு இருக்கும்போது ஒருவனுக்கும் ஒரு சௌகரியமும் செய்து கொடுக்காத நாங்கள், செத்தவனுக்கு அந்த ஒன்றை மட்டும் தப்பாமல் செய்தோம்.

என் பெண்சாதி ஞானப்பூ வாரம் முழுக்க உப்பு வாருவாள், சனிக்கிழமை சாயங்காலம் கோயிலைப் பெருக்குவாள். எங்கள் பாதிரியாரை ஐயரவர்கள் என்போம், அவர் எங்கள் ஊருக்கு மாதத்தில் ஒருமுறைதான் வருவார். வந்தால் அப்பமும் திராட்சரசமுமாகத் திருவிருந்து கொடுத்துவிட்டு, சாகக் கிடக்கிறவர்களுக்கென்று நாலைந்து அப்பத்துண்டுகளை ஒரு வெள்ளிச் செப்பில் போட்டு, பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையில் பூட்டி வைத்துவிட்டுப் போவார். அவர் இல்லாத நாளில் வேதம் வாசித்துச் சபையை நடத்துகிற வேதக்கண் மடியில் சாவி இருக்கும். கொண்டுபோய்க் கொடுக்கிற உரிமையும் அவனுக்கு மட்டும்தான்.

ஒரு சித்திரை மாதம், தாவீதடியான் என்கிற கூலிக்காரன் வெயில் தாங்காமல் உப்பு வரப்பில் சுருண்டு விழுந்தான். பிழைக்கமாட்டான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. திருவிருந்து, திருவிருந்து என்று வாயைத் திறந்து திறந்து மூடினான். நான் ஊருக்குள் ஓடினேன். வேதக்கண் ஒரு கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"உபதேசியாரே, தாவீதடியான் போகப்போறான். வாங்க."

"பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சா கல்யாண வீட்டுக்காரன் என்ன நெனைப்பான்?" என்றவன், இடது கையால் மடியைத் துழாவிச் சாவியை எடுத்து என் முன்னால் போட்டான். "உம்ம பெஞ்சாதிதானே கோயில் பெருக்குதா? செப்பு இருக்கிற எடம் அவளுக்குத் தெரியும். அவ கையாலயே குடுக்கச் சொல்லும். போம்."

அவள் கொடுத்தாள். உப்பு ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துவிட்டு அவன் நாக்கில் வைத்தாள், அவன் விழுங்கினான், செத்தான். நடந்தது அவ்வளவுதான்.

அடுத்த மாதம் ஐயரவர்கள் செப்பைத் திறந்து பார்த்து, ஒரு துண்டு குறைகிறதே, யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டபோது, வேதக்கண் சபை முழுவதும் கேட்க எழுந்து நின்று, "நான் குடுக்கலை, குடுக்கச் சொல்லவும் இல்லை. என்னை யாரும் கூப்பிடவே இல்லை. அவளாச் சாவியை எடுத்து, அவளா ஐயர் வேலை பாத்திருக்கா" என்றான். நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். மூன்றாம் வகுப்பில் நின்றவனின் சொல்லையும் வேதம் வாசிக்கிறவனின் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சபை எதை எடுக்கும்? அந்தப் பந்தியில் அவனுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து தின்றவர்கள் அன்றைக்குக் கோயிலில் தங்கள் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞானப்பூவைச் சபையை விட்டு விலக்கினார்கள்.

நாலு வருஷம் அவள் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று, உள்ளே பாடுகிற பாட்டை வெளியே பாடினாள். நாலு வருஷமும் எனக்கு இருந்தது ஒரே ஆசை. எந்தச் சபைக்கு முன்னால் எழுந்து நின்று நான் சொல்லவில்லை என்றானோ, அந்தச் சபைக்கு முன்னால் அவன், நான்தான் கொடுக்கச் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். மூன்றே சொல்.

ஐந்தாம் வருஷம் மாசியில் அவள் கால் வெடிப்பில் சீழ் வைத்தது, சீழ் முழங்காலுக்கு ஏறியது, காய்ச்சல் கண்டு போய்விட்டாள். வேதக்கண் வந்து நின்றான். தோட்டத்துச் சுவருக்கு வெளியே, ஊர்ப்பக்கம், கள்ளிக்குப் பக்கத்தில்தான் இடம் என்றான். சரி என்றோம். பெட்டியை இறக்கப் போகும்போது கையைத் தூக்கினான்.

"திருப்புங்க. தலை கிழக்கே இருக்கட்டும். சபைக்கு அடங்காதவ, ஆண்டவர் வரும்போது அவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு எந்திரிக்கட்டும்."

நாலு கயிறு. ஒரு கயிற்றை நான் பிடித்திருந்தேன். திருப்பினோம்.

முப்பத்தோராம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும், கங்காணி எங்களை டீ குடிக்க விட்டிருந்தான், ஞானப்பூ எழுந்து நின்றாள்.

எக்காளம் ஊதவில்லை. மற்றக் கல்லறைகளில் ஒரு செங்கல் அசையவில்லை. மழைக்குப் பிறகு முளை மண்ணைத் தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி வந்து, புதைத்தபோது கட்டியிருந்த அதே நீலச் சேலையோடு, ஊரைப் பார்த்தபடி நின்றாள். மகிமையின் சரீரம், மகிமையின் சரீரம் என்று நாற்பது வருஷமாகப் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஞானப்பூ மாதிரி இருக்கும். அதே குள்ளம், அதே முன்பல் இடுக்கு. கால் வெடிப்புகூட மூடியிருக்கவில்லை. ஆண்டவருக்கே ஆணி அடித்த தழும்பு போகவில்லை, அவளுக்கு எப்படிப் போகும்? ஆனால் சீழ் வடிந்த இடத்திலிருந்தெல்லாம் வெளிச்சம் வடிந்தது. எந்த வெடிப்பு அதிக ஆழமோ அதில் அதிக வெளிச்சம். அது கள்ளியைத் தாண்டி, பனங்கூட்டத்தைத் தாண்டி, ஊருக்குள் போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பாயை விரித்த மாதிரி விழுந்தது.

என்னோடு உப்பு வாரும் ரோசம்மாள் டீ கிளாசைக் கீழே வைத்தாள்.

"அண்ணாச்சி, மயினி எந்திரிச்சு நிக்கா."

"பாத்தேன்."

"கஞ்சி கொண்டு போகலையா?"

"கொண்டு போகணும்."

கொண்டு போனேன். குடித்தாள். தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு கேட்டாள், அதையும் தின்றாள். "உப்பு கூடிப்போச்சு" என்றாள்.

முதல் வாரம் ஊர் சந்தோஷமாகத்தான் இருந்தது. பெண்கள் வற்றலையும் வடகத்தையும் அவள் முன்னால் காயப்போட்டார்கள், ஒரு முகம் காய்ந்ததும் தாங்களே வந்து மறுமுகம் திருப்பிவிட்டு, வாறேன் மயினி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மண்ணெண்ணெய் வாங்குவதை நிறுத்தினார்கள். கண்மங்கிய கிழவிகள் ஊசியில் நூல் கோத்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டி கட்டி வந்து பார்த்து, எங்கள் ஊரிலும் ஒருத்தி இப்படிக் கால் வெடித்துச் செத்தாளே, அவள் ஏன் எழும்பவில்லை என்று எங்களோடு சண்டை பிடித்தார்கள். இரண்டாம் வாரம் கோழிகள் கூட்டில் அடையாமல் நின்றுகொண்டே செத்தன. மூன்றாம் வாரம் கங்காணி முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்தான். முதலாளி வெளிச்சத்தைப் பார்த்தார், உப்புப் பாத்திகளைப் பார்த்தார், பொழுது அடையாத இடத்தில் வேலை மட்டும் எதற்கு அடைய வேண்டும் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அன்றையிலிருந்து எங்களுக்குப் பகலும் ராத்திரியுமாக இரண்டு முறை வேலை. பாத்தியில் வெள்ளை, வானத்தில் வெள்ளை, கண்ணை மூடினால் இமைக்குள்ளும் வெள்ளை. நாலு பேருக்குப் பார்வை போனது. செத்தவர்கள் எழும்பினால் உயிரோடு இருப்பவர்களுக்கு விடிவுகாலம் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். எங்களுக்கு விடிவு மட்டும்தான் கிடைத்தது, அது முடியவே இல்லை.

சபை வேப்பமரத்தடியில் கூடியது. சரியாக அவள் நின்று பாடின இடம்.

"அண்ணாச்சி, உங்க பெஞ்சாதியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லுங்க. பிள்ளைகள் தூங்க மாட்டேங்கு" என்றார்கள்.

"திருப்பி வச்சது நானா?" என்றேன். "யார் திருப்பச் சொன்னாரோ அவரை வந்து சொல்லச் சொல்லுங்க. அன்னைக்கு யார் குடுக்கச் சொன்னாங்கங்கிறதையும் சேர்த்தே சொல்லச் சொல்லுங்க."

வேதக்கண் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. ஊரின் கிழக்குக் கோடியில் அவன் வீடு; அவள் முகம் நேராகப் பார்ப்பது அந்த வாசலைத்தான். ஓலைத் தட்டி கட்டினான், தட்டிக்கு மேல் சாக்குக் கட்டினான். வெளிச்சம் உள்ளே போய் அவனோடு உட்கார்ந்துகொண்டது.

அந்தக் கூட்டத்தில்தான் ஆபேல் சிரித்தான். ஆபேல் எங்கள் கோயில்குட்டி. மணி அடிப்பவன், குழி வெட்டுபவன். அவனுக்குச் சிரிக்கத் தெரியும் என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது.

"எதுக்குவே சிரிக்கீரு?"

"நம்ம ஊருக்குப் பேர் வச்ச துரை ஐயர் கல்லறையை யாராவது பாத்தீங்களாய்யா? நான் வருசாவருசம் சுண்ணாம்பு அடிக்கேன். ஊர்ல எல்லாருக்கும் தலை மேற்கே. அவருக்கு மட்டும் கிழக்கே. ஏன்னு எங்க தாத்தா சொல்லுவாவ. சபைக்காரன் எந்திரிச்சா ஆண்டவரைப் பார்க்கணும், ஐயர் எந்திரிச்சா சபையைப் பார்க்கணும், அதான் ஐயர்மாரை மட்டும் திருப்பி வைப்பாங்களாம். கோபத்துல உபதேசியார் அதை மறந்துட்டாரு. ஐயர் வேலை பாத்தான்னு வெலக்கினவளை, ஐயரை வைக்கிற மாதிரியே வச்சுட்டாரு."

எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். எல்லோரும் ஆளுக்கு ஒருமுறையாவது அந்தக் கல்லறையைச் சுற்றி வந்தவர்கள்தான். கயிறு பிடித்த நானும்.

அதற்குப் பிறகு ஊர் அவள் முன்னால் நடக்கும் நடை மாறியது. தலையில் முக்காடு போட்டார்கள். அவளைப் பார்த்து நின்றால் அவரவர் உடம்பில் உழைத்துப் புண்பட்ட இடம் மட்டும் மினுங்குவதைக் கண்டுபிடித்தார்கள். ரோசம்மாளுக்குத் தோள், ஆபேலுக்கு உள்ளங்கை, கண் போன நாலு பேருக்கும் கண். கங்காணிக்கு ஒன்றும் மினுங்கவில்லை, அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டான். ஒருநாள் வேதக்கண் கோயிலுக்குப் போகும் வழியில் அவளைக் கடந்தபோது எல்லோரும் அவன் மேலேயே கண்ணாக இருந்தோம். இருட்டாகப் போவான் என்று நான் காத்திருந்தேன். அவன் இரண்டு முழங்காலும் வேட்டிக்குள்ளிருந்து விளக்கு மாதிரி எரிந்தன. அத்தனை ஜெபம் பண்ணியிருக்கிறான். எனக்கு அது பிடிக்கவில்லை. எனக்குக் கையும் காலும் மினுங்கின. நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று ரோசம்மாள் சொன்னாள். வயசான தோல், அங்கே என்ன இருக்கும்?

தினமும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவளிடம் கேட்பேன்.

"ஏளா ஞானப்பூ, ஒரு வார்த்தை சொல்லேன். ஊரே ஒன் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கு. சாவியைக் குடுத்தது அவன்தான்னு சொல்லு. செத்தவ வந்து சொன்னா நம்பாம இருப்பாங்களா?"

"கால்ல எண்ணெய் தேய்க்கீங்களா?" என்பாள்.

"நான் என்ன கேக்கேன், நீ என்ன சொல்லுத?"

"வெடிப்பை அப்படியே விட்டுராதீங்க. வேப்பெண்ணெய் இருந்தாத் தேய்ங்க. இல்லன்னா வெளக்கெண்ணெய்."

ஐயரவர்கள் வந்தார். அவளைத் தூரத்தில் நின்று பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், இதைப் பற்றி மேலே எழுதிக் கேட்கவேண்டும் என்றார், வழக்கம்போல் அப்பத்தைச் செப்பில் போட்டுப் பூட்டினார், போய்விட்டார். மேலே என்று அவர் யாரைச் சொன்னார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. மேலே உள்ளவரின் பதில் சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

ஆண்டவர் உயிர்த்தெழுந்து நாற்பது நாள்தான் பூமியில் இருந்தார். நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். அவள் நிற்கும்போதே அவன் சொல்லிவிட வேண்டும். அவள் போய்விட்டால் யாருக்காகச் சொல்வான்? முப்பத்தெட்டு ஆனது, முப்பத்தொன்பது ஆனது. நாற்பதாம் நாள் ஆபேல் உப்பளத்துக்கு ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, உபதேசியாருக்கு மூச்சு வாங்குது. தாங்காது. ஐயரவர்களுக்கு ஆள் போயிருக்கு, அவர் எங்கயோ கூட்டத்துல இருக்காராம். உங்களைத்தான் கூப்பிடுதாவ."

போனேன். அவன் முற்றத்தில் கயிற்றுக்கட்டிலில் கிடந்தான், நாற்பது நாள் தூங்காத கண், வாயைத் திறந்து திறந்து மூடினான். என்னைக் கண்டதும் மடியைத் துழாவிச் சாவியை எடுத்து என் கையில் வைத்தான். அன்றைக்கு இலைக்கு முன்னால் போட்ட அதே சாவி.

நான் நேரே கோயிலுக்குப் போகவில்லை. "ஆபேலு, மணி அடி" என்றேன். "சபை வரட்டும்."

"அண்ணாச்சி, நேரமில்ல."

"அவனுக்கு அன்னைக்குக் கல்யாணச் சாப்பாட்டுக்கு நேரம் இருந்துச்சுல்லா? அடி."

மணி அடித்தது. உப்பளத்திலிருந்து, வீடுகளிலிருந்து, கண் போனவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு எல்லோரும் வந்து முற்றத்தில் நின்றார்கள். நான் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தேன்.

"சபை வந்திருக்கு. சொல்லும். சொன்னா அப்பம் வரும்."

அவன் உதடு கூடிக்கூடிப் பிரிந்தது. அப்போது முற்றம் வெளுத்தது. நாற்பது நாளில் முதல்முறையாக ஞானப்பூ நடந்து வந்தாள். அவள் மிதித்த இடத்தில் வெடிப்பு வெடிப்பாக வெளிச்சம் தரையில் பதிந்தது. என் கையைப் பிடித்தாள். உயிரோடு இருக்கும்போது என் கையில் முள் தைத்தால் எப்படி விரல் ஒவ்வொன்றாகப் பிரிப்பாளோ அப்படிப் பிரித்தாள். சாவியை எடுத்துக்கொண்டு நாலு வருஷமாக நுழையாத கோயிலுக்குள் போனாள்.

"சொல்லும் வே" என்று நான் கட்டிலை உலுக்கினேன். "அவ வாறதுக்குள்ள சொல்லும்."

அவன் தலையைத் தூக்கினான். சபையைப் பார்த்தான். எனக்குச் சத்தியமாகத் தெரியும், சொல்லத்தான் வந்தான்.

"நான்" என்றான்.

அடுத்த சொல்லுக்கு அவன் வாய் திறந்தது. திறந்த வாயில் அவள் அப்பத்தை வைத்துவிட்டாள்.

மென்றான். விழுங்கினான். கண் அவள் கால் வெடிப்பில் நின்றது, நின்றபடியே நின்றுபோனது.

"ஏளா," என்றேன், "ஒரு நிமிசம் பொறுத்திருக்கக் கூடாதா?"

"அன்னைக்குத் தாவீதடியான் வாயைத் தொறந்துக்கிட்டுக் கெடந்தப்ப, நான் எதையாவது கேட்டுக்கிட்டா நின்னேன்?" என்றாள். சாவியை என் கையில் திருப்பி வைத்தாள். "எண்ணெய் தேய்ங்க" என்றாள்.

கிழக்கே நடந்தாள். உப்புப் பாத்திகளின் மேல் நடந்து போனாள், பாத்தி ஒன்றுகூட உடையவில்லை. கடல் தொடங்குகிற இடத்தில் வெளிச்சம் ஒரு புள்ளியானது, பிறகு அதுவும் இல்லை. ஊரின் மேல் இருட்டு விழுந்தது. ஜனங்கள் நின்ற இடத்திலேயே படுத்து ஒன்றரை நாள் தூங்கினார்கள். நான் மட்டும் பிணத்துக்குக் காவல் இருந்தேன். மீதிச் சொல் ஏதாவது வாயில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது அநியாயம் செய்தவள் அவள்தான். ஞானப்பூ. பெயரைச் சொல்லிவிட்டேன்.

சபை அவளை மறுபடி சேர்த்துக்கொண்டதாக ஐயரவர்கள் புத்தகத்தில் எழுதினார், காரணம் எழுதவில்லை. சுவரை இடித்து அவள் குழியை உள்ளே வைத்துக் கட்டினார்கள். வெடிப்புக் காலைத் தொட்டுக் கும்பிட்டவர்களே கங்காணி கூப்பிட்டதும் மறுபடி பாத்திக்குள் இறங்கினார்கள். பார்வை போன நாலு பேருக்கும் பார்வை வரவில்லை. வேதக்கண்ணின் முழங்கால் எரிந்ததை இன்றைக்கும் கதையாகச் சொல்கிறார்கள். அவன் பொய் சொன்னதை யாரும் சொல்வதில்லை. 'நான்' என்று அவன் சொன்னதற்கு, நான் பாவி என்று சொல்ல வந்தார் என்று அர்த்தம் சொல்கிறார்கள்.

வேதக்கண்ணை முறைப்படி தலை மேற்கே, கால் கிழக்கே வைத்துப் புதைத்தோம். குழி வெட்ட ஆபேலோடு நானும் இறங்கினேன். மண் மூடியதும் அவன் கால்மாட்டிலிருந்து கிழக்கே ஆறடி அளந்து ஒரு கல்லை நட்டேன்.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"எனக்கு. என் தலையைக் கிழக்கே வச்சிரு. என் காலும் அவன் காலும் பாத்துக்கிட்டு இருக்கணும்."

"ஐயர் மாதிரியா?"

"ஐயராவது ஒண்ணாவது."

ஆபேல் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தான். "அப்ப ஆண்டவர் வரும்போது நீங்க அவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டுல்லா எந்திரிப்பீங்க?"

"பொறுத்துக்கிடுவாரு. அவருக்கும் முதுகுல அடிபட்ட பழக்கம் உண்டு."

எக்காளம் ஊதுகிற அன்றைக்கு வேதக்கண் எழுந்து உட்காருவான். முழங்கால் இரண்டும் எரியும். கிழக்கே ஆண்டவர் வருகிறாரா என்று பார்ப்பான். அவரை மறைத்துக்கொண்டு, கை நிறைய வெடிப்போடு, அந்தச் சாவியை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். 'நான்' வரைக்கும் சொல்லியிருக்கிறான். மீதி இரண்டு சொல் எனக்கு வரவேண்டும்.